பாட்டை நிறுத்து, வண்டியைக் கேள்!

“எனக்கு ஓட்டத்தான் தெரியும், வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒண்ணும் தெரியாது!” இப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கிற ஆளா நீ? முதலில் அந்தச் சிரிப்பை நிறுத்து. தெரியாமல் இருப்பதில் வெட்கம் ஏதுமில்லை. தெரிந்துகொள்ள என்னால் ஆகாது என்று நீயே முடிவு கட்டிவிட்டாயே, அதற்கு வெட்கப்படு!

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம் தாண்டும்போது பிரேக்கை மிதித்தால் ‘கீச்’ என்கிறது. நீ பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறாய். புதுச்சத்திரத்தில் கருகல் வாடை வருகிறது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிடுகிறாய். பி.முட்லூரில் வண்டி படுத்துவிட்டால், “என் நேரம் சரியில்லை” என்று புலம்புகிறாய். நேரத்தின் மேல் ஏன் பழி போடுகிறாய்? உன் காதும் மூக்கும் சொன்னதை நீதானே தள்ளிவிட்டாய்!

இதே சாலையோரத்து மக்களைப் பார். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் ரசாயன வாடையோடுதான் பொழுது விடிந்தது. அந்த மக்கள் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். ஆனாலும் 2004-இல் தங்கள் மூக்கை நம்பி எழுந்தார்கள். எந்த வாடை, எந்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளியை வைத்துச் செய்த எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காற்றில் நச்சுப் பொருள்கள் இருப்பது வெட்டவெளிச்சமானது. வெறும் நாற்றம் என்று தள்ளப்பட்டது சான்றாக மாறியது. ஒரு ஊர்க்காற்றையே அவர்கள் கூண்டில் ஏற்றினார்கள். உன் ஒரு வண்டியை உன்னால் விசாரிக்க முடியாதா?

உலகமே மனித மூக்கை நம்பித்தான் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் ஊர்ப் பள்ளி எரிவாயுக் கசிவால் வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் எரிவாயுவில் வாடைப் பொருளைக் கலப்பது அங்கே சட்டமானது. இன்று உன் வீட்டு சிலிண்டர் கசிந்தால் குடலைப் புரட்டுகிறதே, அந்த நாற்றமும் வேண்டுமென்றே சேர்த்ததுதான். உன் மூக்கு அவ்வளவு பெரிய காவல்காரன். அவனுக்கு வேலை கொடு!

ஏசி காற்றில் தித்திப்பான வாடை வருகிறதா? கூலன்ட் கசியலாம். வெப்ப முள்ளைப் பார், ஏறினால் ஓரங்கட்டு. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திருகாதே, கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் அரைக் கிளட்சிலேயே ஊர்ந்த பிறகு காகிதம் கருகுவது போல் நாறுகிறதா? தேய்வது கிளட்ச் தட்டு, காலை எடு. எண்ணெய் கருகும் வாடை என்றால், கேஸ்கெட் வழியாகக் கசிந்த ஆயில் சூடான புகைக்குழாயில் சொட்டியிருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் என்றால், புகையைச் சுத்தப்படுத்தும் கருவியிலோ அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும் பேட்டரியிலோ கோளாறு இருக்கலாம். பெட்ரோல் வாடையோ, பிளாஸ்டிக் உருகும் வாடையோ வந்தால் யோசிக்காதே. நிறுத்து, இன்ஜினை அணை, எல்லாரையும் இறக்கு!

அடுத்தது காது. பிரேக் மிதிக்கும்போது வரும் கீச்சொலி பல வண்டிகளில் எச்சரிக்கைக்கென்றே வைத்தது. பேட் தேய்ந்ததும் ஒரு சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். அதை அலட்சியம் செய்தால் ‘கரகர’ என்று இரும்பு இரும்பைத் தின்னும். பேடோடு போகவேண்டிய செலவு டிஸ்க் வரை போகும். வேகம் கூடக் கூட ‘ஊஉம்’ என்று முனகினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வீரிட்டால் பெல்ட்டைப் பார்க்கச் சொல். இன்ஜினுக்குள் ‘டொக் டொக்’ என்று அடித்து, ஆயில் விளக்கும் எரிந்தால் இன்னும் ஒரு கிலோமீட்டர் என்று பேராசைப்படாதே. அங்கேயே அணை!

பழுத்த மெக்கானிக் ஒருவர் வேலை செய்வதைக் கவனித்திருக்கிறாயா? நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் வைப்பார். கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடுவார். நுனி நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. சட்டென்று, “இங்கதான்” என்பார். உனக்கும் அதே காதுதான் இருக்கிறது. அவர் பழக்கினார், நீ பூட்டி வைத்தாய்!

“அண்ணே, வண்டில ஏதோ சத்தம் வருது” என்று போய் நிற்காதே. “அண்ணே, கீழவீதி முனையில ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சேன், முன்னாடி இடது பக்கம் டக் டக்னு கேட்டுச்சு. நேரா ஓட்டினா கேக்கல” என்று சொல். அவர் கை நேராக ஆக்ஸில் ஜாயின்ட்டுக்குப் போகும். தெளிவாகச் சொல்பவனிடம் வேண்டாத பாகத்தை யாரும் எளிதில் மாற்றச் சொல்ல முடியாது. உன் நேரம் மிச்சம், பணம் மிச்சம், மரியாதையும் கூடும்!

தன்னம்பிக்கை வேறு, மிதப்பு வேறு. இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை இல்லை. எந்த மூக்கும் அதைப் பிடிக்காது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதே. நிறுத்திய வண்டிக்குள் ஏசி போட்டுத் தூங்காதே. எதைத் தன் புலன் அறியும், எதை அறியாது என்று தெரிந்தவனே துணிச்சல்காரன்.

நாளை காலை முதல் பத்து நிமிடம் பாட்டில்லாமல் ஓட்டு. நல்ல நிலையில் உன் வண்டி எப்படி ஒலிக்கிறது, எப்படி மணக்கிறது என்று மனசில் பதி. அது தெரிந்தவனுக்குத்தான் மாற்றம் புரியும். மாறினால் உடனே எழுதி வை: எப்போது, எந்தப் பக்கம், என்ன வேகத்தில். அதே வாரம் கடைக்குப் போ. தயங்காதே, சந்தேகத்தை மென்று விழுங்காதே. “சும்மா இருக்கும்” என்கிற சொல்லை இன்றோடு குப்பையில் போடு, பானெட்டைத் திற!