பொருளும் அதன் பொருளும்

நெய்வேலி மண்ணுக்கு இரு பொருள் உண்டு. உழுதவனுக்கு அது வயல். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணறு கறுப்புப் படிவத்தைக் காட்டிய பின், நாட்டுக்கு அது பழுப்பு நிலக்கரி. 1962 முதல் மின்னொளி. பின்னர்க் கண்ட பொருள் முன்னைய பொருளைப் பொய்யாக்கிவிடுமா?

சமய உலகிலும் இவ்வினா எழுகின்றது. பனீ இஸ்ராயீல் மக்களின் ஆசரிப்புக் கூடாரத்தில் பொன்னால் அடித்துச் செய்த ஏழு கிளை விளக்கு இருந்தது. ஒலிவ எண்ணெய் வார்த்து அதனைப் பேணுவது ஆசாரியரின் அன்றாடக் கடமை. கிறித்தவர்களோ அவ்விளக்கில் உலகின் ஒளியாகக் கிறிஸ்துவைக் கண்டனர். திரைச்சீலையை அவருடைய உடலென்றது எபிரேயர் நிருபம். உடன்படிக்கைப் பெட்டியை அன்னை மர்யமின் உருவகமாகக் கொண்டனர் பண்டைத் திருச்சபைத் தந்தையர் சிலர்.

நாமும் விலக்கல்லர். அப்பெட்டியைத் 'தாபூத்' எனத் திருமறை குறிக்கின்றது (2:248). அதிலுள்ள 'ஸகீனத்'துக்கு நம் விரிவுரையாளர்களும் பலவாறு பொருளுரைத்துள்ளனர்.

உருவகம் காண்பது குற்றமன்று. அவரவர் தம் வேதத்தின் ஒளியிலேயே பழையதைப் படிப்பர். ஆயின், "மெய்ப்பொருள் எம்மிடமே; உம்மிடம் இருந்தது வெறும் நிழல்" என்னும்போது, விளக்கேற்றியவனின் வழிபாடு கணக்கில் வாராது போகின்றது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்த உரோமர், அதன் விளக்கை வெற்றிப்பொருளாகத் தூக்கிச் சென்றனர். கருத்தாலும் அவ்வாறு தூக்கிச் செல்ல முடியும்.

நிலத்தைச் சுரங்கத்திற்கு விட்ட உழவனிடம், "அது உமக்கு என்னவாக இருந்தது?" என்று கேட்பது நீதி. பிறர் வழிபாட்டுப் பொருளுக்கு உரையெழுதுமுன் அவரிடம் அவ்வாறே கேட்பதும் நீதியே.