ஓரறிவின் கணக்கு

புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாக வகுத்தது தொல்காப்பியத்தின் மரபியல். சமணமும் செடிகளுக்குத் தொடுவுணர்வு ஒன்றையே தந்தது. அந்த ஓரறிவு வெறும் உபசாரச் சொல்லா, அறிவு என்றே கொள்ளத்தக்கதா? ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில், 1972இல் அமைந்த இக்ரிசாட் ஆய்வு நிலையம் முதன்மையாக ஆராயும் பயிர்களில் ஒன்றான சோளத்தின் இலையிலிருந்தே இதைத் தொடங்கலாம். மாலையில் அந்த இலையை மெல்லிய குறுக்குச் சீவலாக்கி அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நரம்புகளைச் சுற்றிக் கருநீல வளையங்கள் தெரியும். மாவுச்சத்து நரம்பின் உறைசெல்களில்தான் சேர்கிறது. பக்கத்துச் செல்களில் அநேகமாக இல்லை. பகலில் மணிமணியாகச் சேர்வது இரவில் சர்க்கரையாகக் கரைந்து செலவாகிறது. ஹைதராபாத்தில் பகல் டிசம்பரில் சுமார் 11 மணி நேரம், ஜூனில் 13. பருவமழை மேகம் கவிந்தால் ஒரே வாரத்திலும் சேமிப்பு ஏறி இறங்கும்.

இந்தச் செலவை இலை எப்படி அளக்கிறது என்பதைக் கடுகுக் குடும்பச் சிறுசெடியான அராபிடாப்சிஸில் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். இரவு முழுவதும் மாவு ஒரே சீராகக் குறைகிறது; விடியும்போது சுமார் 95 விழுக்காடு தீர்ந்திருக்கும். 12 மணி நேரப் பகலுக்குப் பழகிய செடிக்கு 8 மணி நேரத்திலேயே விளக்கை அணைத்தாலும், அன்றைக்கே செலவு வேகத்தைக் குறைத்து விடியல்வரை ஓட்டிவிடுகிறது. கையிருப்பை மிச்ச நேரத்தால் வகுப்பதற்கு ஒப்பானது இது என்று 2013இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மைய ஆய்வாளர்கள் விளக்கினர். ஒரு பசுங்கணிகத்தில் வழக்கமாக ஐந்தாறு மணிகள் இருக்கும். எஸ்எஸ்4 என்ற நொதி இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒரே பெரிய மணிதான், சிலவற்றில் அதுவும் இல்லை. மணிகள் இப்படி வேறுபடும்போது கணக்கு எங்கே என்று கேட்கலாம். கணக்கு தனி மணியில் இல்லை. மொத்த இருப்பில் இருக்கிறது.

வெப்பத்தைச் சீராக்கும் கருவியும் அளந்துதானே செய்கிறது, அதற்கும் அறிவு உண்டா என்பது வலுவான மறுப்பு. கருவி தவறினால் அதற்கு நட்டமில்லை. மாவு சேர்க்கவே இயலாத செடியோ குறும்பகல் நாட்களில் இரவுதோறும் பட்டினி கிடந்து குன்றுகிறது. பிழையின் விலையை அதுவே கொடுக்கிறது. இதை இறைவனின் கைவண்ணம் என்பாருக்கும் வெறும் வேதியியல் என்பாருக்கும் ஒரே பதில்: இயங்கும் வழியைச் சொல்வது படைத்தவனை நிறுவுவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. தன் உயிருக்காக நாளையை முன்வைத்து இன்றைச் செலவிடுவதை அறிவு என்னலாம். ஓரறிவு என்ற பெயர் இலைக்குத் தகும். அதற்குமேல் அச்சத்தையும் நம்பிக்கையையும் ஏற்றிச் சொல்வது நம் ஆசை.