பரிசு பெறும் பொய்

பொய் குற்றம் என்று சிறுபிராயம் முதல் நமக்குப் போதிக்கப்படுகிறது. அங்ஙனமிருக்க, பார்ப்போர் கண்களை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட செப்பிடு வித்தைக்காரனுக்குச் சபை கூட்டிப் பரிசளிப்பது நியாயமாகுமா? இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று.

1948ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து தேசத்து லோசான் நகரில் ஜாலவித்தைக்காரர்களின் உலக மாநாடு முதன்முதல் கூடிற்று. வழக்கமாக மூன்றாண்டுக்கொருமுறை கூடும் அம்மாநாடு இன்றளவும் போட்டி நடத்திப் பரிசு வழங்கி வருகின்றது. வங்காளத்துப் பி. சி. சர்க்காருக்கு இந்திய அரசாங்கமே 1964ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதளித்தது. 1956இல் இலண்டன் தொலைக்காட்சியில் அவர் ஒரு பெண்ணை இரு கூறாக அறுப்பதாகக் காட்டிய தறுவாயில் நிகழ்ச்சி சட்டென முடிவுற, பெண் மாண்டனளோ என்றஞ்சிய மக்கள் தொலைபேசியில் விசாரித்த வண்ணமிருந்தனர்.

நிற்க. வேறு வகைப் பரிசும் ஒன்றுண்டு. திருவல்லாவிற் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், 1963ஆம் ஆண்டு ஓர் இலட்சம் ரூபாய் பரிசு கூறினார். மூடி முத்திரையிட்ட உறையிலுள்ள பண நோட்டின் இலக்கத்தைச் சொல்லுதல் போன்ற அற்புதமொன்றைத் தந்திரமின்றிச் செய்துகாட்டுவோர் அதனைப் பெறலாம். 1978இல் அவர் மறையும் வரை எவரும் பெற்றாரில்லை. ஆக, பொய்யென்று ஒப்புக்கொண்டவர் பரிசு பெற்றனர். மெய்யென்று சாதித்தவருள் ஒருவரும் பெற்றிலர்!

இதன் காரணம் யாது? வித்தைப் போட்டியில் தீர்ப்பளிப்போர் பெரும்பாலும் அவ்வித்தையில் தேர்ந்தவர்களே. சூது அறிந்தவர் முன் நின்று தன் கைத்திறத்தை நிறுக்கத் தருகின்றான் வித்தைக்காரன். காண்போரும் ஏமாறச் சம்மதித்தே சீட்டு வாங்குகின்றனர். அற்புதம் விற்போனோ அறிந்தவர் கண்ணுக்கு ஒளித்து, அறியாதவரையே நாடுகின்றான். மறைத்தல் இருவர்க்கும் பொது. சம்மதம் ஒருவனுக்கே உண்டு.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்தறிந்தோமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை பூலோப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் கிராணியாக இருந்த காலத்தில், வெறுங்கையில் திருநீறு வரவழைக்கும் ஒருவர் லயத்துக்கு வந்தார். பால் வெட்டும் அம்மையாரொருவரின் மகனுக்குக் காதில் சீழ். பரிகாரத்திற்கு முந்நூறு வெள்ளி என்றார் வந்தவர். அம்மையார் ஆபீசுக்கு வந்து, "ஐயா, முன்பணம் போட்டுக் கொடுங்க, சாமி கைவிடாதுங்க" என்றார்.

சாம்பலைக் கஞ்சியிற் பிசைந்து உலர்த்திய சிறு உருண்டையை விரலிடுக்கில் ஒளித்து நசுக்குவதே அவ்வற்புதமென்பதை நாம் முன்னமே படித்திருந்தோம். ஆயினும் அவர் மனம் நோகுமே என்றெண்ணி, வாய் திறவாது கணக்கெழுதிப் பணம் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்தே பையன் ஆஸ்பத்திரிக்குப் போனான். பிழைத்தான்; ஒரு காது மட்டும் கேளாதாயிற்று. முன்பணத்தை மாதம் ஐம்பது வெள்ளியாக ஆறு மாதம் பிடித்ததும் நமது பேனாவே.

வித்தைக்காரன் தன் இரகசியத்தைக் காப்பதால் ஒருவர்க்கும் கேடில்லை. நாம் காத்த இரகசியமோ ஒரு பிள்ளையின் செவியைக் கொண்டு போயிற்று. ஆகவே, மேடையில் ஏமாற்றுவோனுக்குப் பரிசு தகுமா என்று கேட்குமுன், அறிந்தும் வாளாவிருந்த நமக்கு யாது தகும் என்று கேட்டல் வேண்டும். கற்ற கல்வி பிறர்க்குச் சொல்லவே, பூட்டி வைக்கவன்று. அடுத்த முறை முன்பணம் கேட்டு வருவோரிடம் ஏட்டைத் திறக்குமுன் வாயைத் திறப்பதென்று நாம் உறுதி கொண்டுள்ளோம்.