உயிர் காக்கும் சொல்

உயிர் வாழும் விருப்பம் எல்லா உயிருக்கும் பொது. யோக சூத்திரத்தில் பதஞ்சலி முனிவர் மனிதரைப் பிணிக்கும் ஐந்து கிலேசங்களை எண்ணும்போது, ஐந்தாவதாக இதை ‘அபிநிவேசம்’ என்று வைக்கிறார். கற்றறிந்தவரையும் அது விடுவதில்லை என்கிறார். இது இயற்கை தந்த உயிராசை. ஆனால் துயரம் அளவு கடக்கும்போது இந்த ஆசை தளர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது மனிதரைத் தாங்கி நிறுத்துவது, தம்மால் ஆக வேண்டிய காரியம் ஒன்று மிச்சமிருக்கிறது, தமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்ற உறுதி. இந்த உறுதி எப்படிக் குலைகிறது, எப்படி மீள்கிறது என்பதை வால்மீகி ராமாயணம் படிப்படியாகக் காட்டுகிறது.

கிஷ்கிந்தா காண்டத்தின் பிற்பகுதியில் அங்கதனும் அவனுடன் வந்த வானரரும் தென்கடற்கரையில் அமர்ந்திருக்கிறார்கள். சீதையைத் தேடிவரச் சுக்ரீவன் கொடுத்த ஒரு மாதம் கடந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்ப அஞ்சி, தர்ப்பையைப் பரப்பி, உண்ணாமல் உயிர் விடுவதென்று முடிவு செய்கிறார்கள். அவர்களுடைய பேச்சில் ஜடாயுவின் பெயர் அடிபடுகிறது. அதைக் கேட்டு மலைமேலிருந்து குரல் கொடுக்கிறார் ஜடாயுவின் தமையனார் சம்பாதி.

சம்பாதியும் ஒரு காலத்தில் சாகத் துணிந்தவர்தான். சூரியனை நோக்கிப் பறந்தபோது தம்பியைத் தம் சிறகுகளால் மூடிக் காத்ததில் சிறகு கருகி விந்திய மலையில் விழுந்தார். வாழ்வில் பொருளில்லை என்று கலங்கிய அவரை நிசாகர முனிவர் தடுத்தார். ராமனின் தூதர்கள் ஒருநாள் இங்கே வருவார்கள், அவர்களுக்குச் சீதை இருக்குமிடத்தைச் சொல்வது உன் பணி, அன்று சிறகு மீண்டும் முளைக்கும் என்றார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே சம்பாதி நெடுங்காலம் காத்திருந்தார். பறக்க முடியாத அவருக்கு மகன் சுபார்சுவன் இரை கொண்டுவந்து கொடுத்தான். சீதை இருக்கும் இலங்கையை வானரருக்குச் சொன்ன அந்த நாளில், வானரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறகுகள் முளைத்தன. முனிவர் சம்பாதிக்குச் சொன்ன சொல், காலம் கடந்து ஒரு படையையே சாவிலிருந்து எழுப்பியது.

சுந்தர காண்டத்தில் இதே சோதனை அனுமனுக்கு வருகிறது. இலங்கையில் ராவணனின் அரண்மனை, புஷ்பக விமானம், மதுச்சாலை, அந்தப்புரம் எல்லாவற்றையும் தேடியாயிற்று. சீதை இல்லை. மதில்மேல் தனியே அமர்ந்து அனுமன் எண்ணிப் பார்க்கிறான். இந்தச் செய்தியைச் சொன்னால் ராமன் உயிர் தரிக்க மாட்டான். அவனைத் தொடர்ந்து லட்சுமணன், பரதன், சத்ருக்னன், தாயர் மூவர். பிறகு சுக்ரீவன், அவனை நம்பிய வானரக் குலம். எனவே திரும்பிப் போவதைவிடத் தான் இங்கேயே மாய்வது மேல் என்று அவன் மனம் ஓடுகிறது. ஆனால் அந்தக் கணக்கையே அவன் மறுபடி போட்டுப் பார்க்கிறான். சாவதில் கேடுகள் பல. உயிரோடிருந்தால் நன்மை வர வழியுண்டு என்று தெளிகிறான். அவன் தெளிந்த பின்புதான், இன்னும் தேடாத அசோக வனம் கண்ணில் படுகிறது. ராம லட்சுமணரையும் சீதையையும் தேவர்களையும் வணங்கி அதனுள் இறங்குகிறான்.

அங்கே சீதையும் அதே விளிம்பில் நிற்கிறாள். ராவணன் விதித்த கெடுவில் இரண்டு மாதமே மிச்சம். அரக்கியரின் மிரட்டல் ஓயவில்லை. உயிரை விட்டுவிட அவள் துணிகிறாள். சிம்சுபா மரத்தில் மறைந்திருக்கும் அனுமன் இதைக் காண்கிறான். ஆறுதல் சொல்லாமல் போனால் இரவு விடிவதற்குள் இவள் உயிர் துறப்பாள் என்று அஞ்சுகிறான். அதே சமயம், திடீரென்று முன்னே குதித்தாலும், பண்டிதனைப் போலச் சம்ஸ்கிருதத்தில் பேசினாலும் தன்னை ராவணன் என்றெண்ணி அவள் நடுங்கக்கூடும் என்றும் யோசிக்கிறான். ஆகவே மனிதர் பேசும் எளிய மொழியில், தசரதனிலிருந்து தொடங்கி ராமன் கதையை மெல்லச் சொல்கிறான். நம்பிக்கை பிறந்த பிறகே கணையாழியைத் தருகிறான். சீதையோ சூடாமணியைக் கொடுத்து, இன்னும் ஒரு மாதம் உயிர் தரித்திருப்பேன் என்று செய்தி அனுப்புகிறாள்.

காவியத்தின் முடிவில் இதே நிலை பரதனுக்கு. பதினான்கு ஆண்டு முடியும் நாளில் ராமன் வரக் காணாது நந்திகிராமத்தில் அவன் தீ வளர்த்ததாகக் கம்பர் பாடுகிறார். அப்போதும் வந்து சேர்பவன் அனுமன்தான். ராமன் வந்துவிட்டான் என்று சொல்லி, அந்தத் தீயைக் கையாலேயே அவிக்கிறான். உயிரோடிருப்பவரைக் காலம் கடந்தாவது மகிழ்ச்சி வந்தடையும் என்ற கருத்துள்ள உலக வழக்கு ஒன்றை, வால்மீகியில் சீதையும் பரதனும் அனுமனிடம் நினைவுகூர்கிறார்கள். இருவர் வாயிலும் ஒரே சொல்.

இந்த நிகழ்ச்சிகளில் ஓர் ஒற்றுமை உண்டு. வானரருக்கு ஒரு மாதம், சீதைக்கு ராவணன் வைத்த கெடு, பரதனுக்குப் பதினான்கு ஆண்டு. ஒரு நாளைக் குறித்துவைத்து அதையே நம்பிய மனம், அந்த நாள் நெருங்கினாலோ தவறினாலோ ஒடிந்துபோகிறது.

வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் இதை வாழ்க்கையில் நேரில் கண்டார். நாஜிகள் 1942-இல் அவரைக் குடும்பத்தோடு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினர். 1944-இல் ஆஷ்விட்ஸ், பிறகு டஹாவின் கிளை முகாம்கள். தந்தை, தாய், மனைவி, சகோதரர் அனைவரையும் அவர் இழந்தார். 1944 கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று பலர் நம்பியிருந்தனர். அது பொய்த்தபோது, அந்தக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் முகாமில் சாவு பெருகியது. உயிரை விட எண்ணிய இருவரை அவர் தம் நூலில் குறிப்பிடுகிறார். ஒருவருக்கு வெளிநாட்டில் குழந்தை காத்திருந்தது. மற்றவர் ஓர் அறிவியலாளர், அவரால் மட்டுமே முடிக்கக்கூடிய நூல்வரிசை பாதியில் நின்றிருந்தது. அதை உணர்ந்தபோது இருவரும் நிலைத்தனர். ஃபிராங்கலே தாம் பறிகொடுத்த கையெழுத்துப் படியை, டைஃபஸ் காய்ச்சலின் நடுவே துண்டுக் காகிதங்களில் மீண்டும் குறித்துவைத்தார். 1945 ஏப்ரலில் விடுதலையானார். மறு ஆண்டே தம் அனுபவத்தை நூலாக்கினார்.

ஆன்மீகம் இதிலிருந்து பெறும் பாடங்கள் இரண்டு. முதலாவது, வாழ்வில் மனம் தளர்வது பக்திக் குறைவும் அன்று, கோழைத்தனமும் அன்று. சீதையும் பரதனும் அனுமனும் தளர்ந்தார்கள் என்றால், தளர்ந்தவரைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. இரண்டாவது, தளர்ந்தவர் பெரும்பாலும் தாமாக எழுவதில்லை. ஒரு சொல் அவர்களைத் தேடி வரவேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லைக் கொண்டுசெல்லும் முறையையும் அனுமனே காட்டுகிறான். அருகில் போக வேண்டும். அவர்கள் அஞ்சாத மொழியில் பேச வேண்டும். உபதேசத்துக்கு முன் ஆறுதல் வேண்டும். காத்திருப்பவர் யார், மிச்சமிருக்கும் பணி எது என்பதை நினைவூட்ட வேண்டும். தேவையான மருத்துவரிடம் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதும் இந்தத் தூதில் அடங்கும். வழிபாட்டில் அனுமனை வணங்குபவர், அக்கம்பக்கத்தில் வாடிய முகம் கண்டால் தாமே அந்தத் தூதைச் சுமக்கக் கடமைப்பட்டவர்.