சேலம் சந்திப்பில் ஒரு சுவர்

லண்டனில் லெய்டன்ஸ்டோன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே நடப்பவர்களின் எதிரே, நடைவழிச் சுவர்களில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் படக்காட்சிகள் வரிசையாக வருகின்றன. மொத்தம் 17 மொசைக் ஓவியங்கள். 2001-இல் பதித்தவை. வேலைக்கு ஓடுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஹிட்ச்காக் பெயரையே கேட்டிராதவர்கள் எல்லோரும் 'சைக்கோ'வைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். 1899-இல் அவர் பிறந்த ஊர் அது. அவர் தந்தையின் காய்கறிக் கடை இருந்த இடத்தில் இன்று பெட்ரோல் பங்க் நிற்கிறது.

ஹிட்ச்காக் அங்கே பிறந்தார். படம் எடுத்ததெல்லாம் வேறு ஊர்களில். நம் சேலத்திலோ படமே பிறந்தது. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்துத் திரும்பிய டி.ஆர்.சுந்தரம், 1930-களின் நடுவில் ஏற்காட்டு மலைக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். மில் நடத்துவதுபோல, நேரம் தவறாமல் படம் எடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' 1940-இல். மு.கருணாநிதியின் வசனத்தில் எம்.ஜி.ஆர் நடித்த 'மந்திரி குமாரி' 1950-இல். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல். பின்னாளில் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்த இருவர் ஒரே படத்துக்காக உழைத்த இடம் அது. சென்னையை நம்பாமல் ஒரு மாவட்டத் தலைநகர் இவ்வளவையும் செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சுந்தரம் 1963-இல் காலமானார். ஸ்டுடியோ இருந்த இடம் குடியிருப்பாகிவிட்டது. எஞ்சி நிற்பது ஏற்காடு சாலையோரத்து நுழைவாயில் வளைவு மட்டுமே. மலைக்குப் போகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2023-இல் முதல்வர் மு.க.ஸ்டாலினும் அதன் முன்னே நின்று எடுத்துக்கொண்டார். அந்த வளைவைக் காக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அது தேடிப் போகிறவர்களுக்கானது. தேடாதவர்களுக்கும் தெரிய வேண்டுமானால், அவர்கள் எப்படியும் வந்து நிற்கிற இடம் ரயிலடிதான்.

சேலம் சந்திப்பில் அப்படி ஒரு சுவர் எழுந்தால், முதலில் இடம்பெற வேண்டியது 'பாலன்' என்பேன். மலையாளத்தின் முதல் பேசும்படம். 1938-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. சென்னையிலிருந்து கேரளம் போகும் ரயில்கள் நாள்தோறும் சேலத்தில் நின்று போகின்றன. தம் மொழி முதன்முதலில் திரையில் பேசியது இந்த ஊரால்தான் என்று அந்தப் பெட்டிகளில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் படமும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஓடாத படத்துக்குச் சுவராவது வேண்டாமா?

நட்சத்திரங்களோடு அது நின்றுவிடக் கூடாது. அரண்மனையை மரத்திலும் துணியிலும் எழுப்பிய தச்சர்கள், சாயம் பூசியவர்கள், விளக்குத் தூக்கியவர்கள், ராஜா உடை தைத்த தையற்காரர்கள் ஆகியோரும் அந்தச் சுவரில், எம்.ஜி.ஆர் அளவுக்கே பெரிதாக நிற்க வேண்டும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இதே நடைமேடையில் வந்து ரயில் ஏறக்கூடும்.