பேச்சுக்கா தடை, அடிக்கா தடை?

தைவானில் ஒரு சின்னக் கட்சி இருக்கு. பெயர் சீன ஒருங்கிணைப்பு ஊக்குவிப்புக் கட்சி. தைவான் சீனாவோடு இணைய வேண்டும் என்பதுதான் அதன் கோரிக்கை. 2005-இல் அதைத் தொடங்கிய சாங் ஆன்-லோ, 'மூங்கில் கூட்டணி' என்ற குண்டர் கும்பலின் முன்னாள் தலைவர். நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லை.

தம்பி தங்கைகளே, "நாட்டையே விட்டுக்கொடுக்கச் சொல்றவனுக்கு மேடை எதுக்கு? தடை போட்டா முடிஞ்சது!" என்று உங்களுக்குத் தோணலாம்.

கொஞ்சம் பொறுங்க. தைவான் 1987 வரை 38 ஆண்டுகள் இராணுவச் சட்டத்தில் கிடந்தது. அப்போது தனிநாடு கேட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். 1992-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், வன்முறை இல்லாமல் பேசுவது குற்றமல்ல என்றானது. தனிநாடு கேட்டவருக்குத் திறந்த அதே கதவு வழியாகத்தான் இன்று இணைப்பு கேட்பவரும் வருகிறார். ஒருவருக்கு மட்டும் அதைச் சாத்த முடியுமா?

ஆனால் 2017-இல் தைவான் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்களில் இக்கட்சியைச் சேர்ந்தவரும் இருந்தார். அது பேச்சு இல்லை, அடி. 2024 நவம்பரில் உள்துறை அமைச்சு, உறுப்பினர்களின் குற்றச்செயல்களைக் காரணம் காட்டி, கட்சியைக் கலைக்க அரசமைப்பு நீதிமன்றத்தை நாடப்போவதாக அறிவித்தது.

சிலர் அடித்ததற்குக் கட்சி முழுவதும் பொறுப்பா? கட்சியே அடிக்கச் சொன்னது என்று நிரூபித்தால், ஆம். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் என்றால், கூடாது. இந்த வேறுபாட்டை நமக்குப் பிடிக்காதவர் விஷயத்திலும் காப்பாற்றுகிறோமா? நம்முடைய நியாயத்துக்கு அதுதான் சோதனை.