கையெழுத்துப் போடாத பெண்கள்

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘ஆபீஸ்’ என்பார்கள். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் விடிந்ததும் தூக்குவாளியோடு ஆபீஸுக்குப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் உளுந்தும் கைவிட்ட வருஷங்களில் அடுப்பு எரிந்தது குச்சி அடுக்கிய கூலியில்தான். வெள்ளாமையைக் கெடுத்த வறண்ட காற்றுதான் குச்சியையும் மருந்தையும் காயவைத்து இந்தத் தொழிலையும் வாழவைத்தது.

நான் இப்போது கிழக்கு லண்டனில் வசிக்கிறேன். இங்கே ‘போ’ என்றொரு பகுதி. அங்கே சிவப்புச் செங்கல்லில் பெரிய கட்டடம் ஒன்று, இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு காலத்தில் அது பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டிக் கம்பெனி. 1888 ஜூன் 23 அன்று ‘தி லிங்க்’ பத்திரிகையில் அந்தக் கம்பெனிப் பெண்களின் நிலையைப் பற்றி அன்னி பெசன்ட் எழுதினார். பின்னாளில் அடையாறுக்கு வந்து, 1917இல் காங்கிரஸ் தலைவரான அதே பெசன்ட்தான். கால் அழுக்காக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரிக்கும் வேலை. அந்தக் கட்டுரை வாசகரிடம் கேட்டது, இந்தத் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்பது.

கம்பெனி ஒரு தாளை நீட்டியது. கட்டுரையில் உள்ளது பொய் என்று பெண்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண் வேலையை விட்டு நீக்கப்பட, ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 1,400 பேர் வெளியே வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அபராதமுறை ஒழிந்தது, சங்கமும் பிறந்தது. ஆனாலும் அது ‘பெசன்ட் நடத்திய வேலைநிறுத்தம்’ என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. போராட்டக் குழுவில் இருந்த சாரா சாப்மன் 1945இல் இறந்தபோது அவருக்குத் தனிக் கல்லறைகூட இல்லை; பொதுக்குழியில்தான் புதைத்தார்கள்.

அடுத்தவளின் துயரத்தைப் பேச எனக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. பட்டவள்தான் பேச வேண்டும் என்பது ஒன்று. மனிதாபிமானம் இருந்தால் யாரும் பேசலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்குப் போதவில்லை.

இங்கே ஒரு பாரதி விழாவில், பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய அவருடைய பாட்டை ஒரு பெண் உருகிப் பாடினாள். அரங்கமே கண்ணைத் துடைத்தது. கரிசல் மண்ணில் எட்டயபுரத்தில் பிறந்த ஒருவர், தான் பார்த்தேயிராத தீவின் பெண்களுக்காக நெஞ்சு பதறியது பெரிய விஷயம். அந்தப் பாட்டின் பெண்கள் அழுகிறார்கள், ஊரை நினைத்து ஏங்குகிறார்கள். அதே பிஜியில் குந்தி என்றொரு பெண் இருந்தார். வாழைத் தோட்டத்தில் தனியாக வேலைக்கு விடப்பட்டபோது பலவந்தப்படுத்த வந்த ஓவர்சியரை உதறிவிட்டு ஆற்றில் குதித்தார். 1913இல் கல்கத்தாவின் ‘பாரத் மித்ரா’ ஹிந்திப் பத்திரிகையில் அவருடைய வாக்குமூலம் வந்தது, நாடு கொதித்தது. 1917இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1920இல் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. பாட்டு நமக்குத் தெரியும். குந்தியின் பெயரை அன்று அந்த அரங்கில் யாரும் சொல்லவில்லை.

பட்டவள் மட்டும்தான் பேச வேண்டுமென்றால், பத்திரிகை இல்லாமல் குந்தியின் சொல் கடல் கடந்திருக்காது. கட்டுரை இல்லாமல் அந்தத் தாளும் நீட்டப்பட்டிருக்காது. ஆக, பேசத்தான் வேண்டும். ஆனால் அழுகிறவளாக மட்டும் அவளைக் காட்டுகிற பேச்சு, அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அவள் எடுத்த முடிவைக் கேட்பவர் கண்ணில் படாமல் ஆக்கிவிடுகிறது.

விழா முடிந்ததும் ஒரு தோழி கேட்டாள்: “அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊர்த் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றிப் பேசுங்களேன்.” சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கொடுமையை உலகம் அறிந்தது நல்லதுதான். ஆனால் உலகத்தின் கண்ணில் எங்கள் ஊர் அந்தப் பிஞ்சு விரல்களோடு உறைந்துபோய்விட்டது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியம்மாக்களாகி இன்றும் பெட்டிக் கணக்கில் கூலி வாங்குவது யாருக்கும் படமாகத் தோன்றவில்லை.

ஊரிலிருக்கும் பெரியம்மாவிடம் போனில் கேட்டேன், “ஒங்களப் பத்தி இங்க பேசச் சொல்லுதாக. என்ன சொல்லட்டும்?”

“அழுகுறதுக்கு எங்களுக்கே தெரியும் தாயி. அங்கன ஒரு தீப்பெட்டி என்ன வெலைக்கு விக்காக? அதக் கேட்டுச் சொல்லு.”

2007இலிருந்து ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி இரண்டு ரூபாயானது 2021 டிசம்பரில். அந்தப் பதினான்கு வருஷமும் குச்சி அடுக்கிய விரல்களின் கணக்கு அந்தக் கேள்வியில் இருந்தது. அவருக்கு என் இரக்கம் தேவைப்படவில்லை. ஒரு தகவல் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருக்கும் மகள் அதற்காவது பயன்படட்டும் என்று நினைத்தார்.

அடுத்தவளுக்காகப் பேசுகிறவர்கள் தன் பேச்சை அவள் முன்னால் வைக்கத் துணிய வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த லண்டன் பெண்கள் தாளைத் திருப்பித் தந்தபோது, தங்களைப் பற்றிய கட்டுரை உண்மை என்று தீர்ப்புச் சொன்னார்கள். வேலையைப் பணயம் வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. எழுதியவருக்கு அப்படியொரு பணயம் இல்லை. அதனால் அந்தக் கட்டுரைக்கு அவர்களும் ஆசிரியர்கள்தான்.

கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். பேச வேண்டியதை எழுதி முதலில் பெரியம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டப்போகிறேன். அவர் ‘இது பொய்’ என்று சொல்லும் வரியை அடித்துவிடுவேன்.